மூன்றாம் அடியில் ஒரு டீ

டார்லின் அத்தை தன் எக்ஸெல் வண்டியில் ஏறி ஒரு உதை உதைத்தால் இமயமலை நாலடி பின்னால் நகர்ந்து உட்காரும். கோதாவரி அவளைக் கண்டதும் பாலத்துக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் ஓடியது. கங்கை, "தாமிரபரணித் தண்ணி குடிச்ச பொம்பளையா, நீங்க முதல்ல போங்கம்மா" என்று ஒதுங்கி நின்றது. ஒரிசாக் காட்டில் ஒரு புலி வாலைத் தூக்கி அவளுக்கு 'ரைட், ரைட்' காட்டியதாகவும் கேள்வி.

இதெல்லாம் முருகன்குறிச்சி டீக்கடையில் பாக்கியசீலன் சொன்னது. அத்தைக்கு அவர் அண்ணன். தாலுகா ஆபீஸில் எழுத்தர், ஆலயத்தின் கொயர் என்ற பாடகர் குழுவில் முப்பது வருஷமாக, ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறவர். பொய் சொல்வதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்திவைப்பார். கதையின் முதல் நாளில் அந்தப் புலி கிடையாது. மூன்றாம் நாள் பூனையாக வந்தது, பத்தாம் நாளுக்குள் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பக்கத்து பெஞ்சில் அவர் மகன் மெர்வின் வடையைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு உள்ளே எரிந்தது.

மெர்வினுக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரையொருவர் கும்பிட்டுப் பிரிந்துவிட்டார்கள். இப்போது சமாதானபுரத்தில், நண்பன் முஆதின் மாமா கடையில், செல்போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். ஒரு காற்றுக் குமிழி இருக்காது. ஆனால் அவன் பேர் ஊரில் பரவியது அதற்காக இல்லை. தெருவில் எந்தக் கோளாறு நடந்தாலும், "அந்த மெர்வின் பய அப்ப எங்கன இருந்தான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்று வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பேர் அது. அத்தை அதைப் பத்தே நாளில், ஒரு மொபெட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இப்போது கடைக்கு வருகிறவர்கள், "நீ அந்த வண்டிக்காரம்மா மருமகன்லா?" என்கிறார்கள்.

அத்தை ஒன்றும் அப்படிப் பெரிய ஆள் இல்லை. நாற்பத்தி நாலு வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுக்கிற வேலை. நல்ல நெட்டை. கால் ஒன்பதாம் நம்பர், அதனால் ஆம்பிளைச் செருப்புதான் வாங்குவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைக் கிளறினால், "அதனால வண்டிக்கு மைலேஜ் குறையவா செய்யுது?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

இருபத்தி ரெண்டு வருஷமாக ஆலயத்தில் கீபோர்டு வாசித்தவள் அவள்தான். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் சபைக் கமிட்டி கூடி, இனிமேல் பாட்டுக்கு டிராக் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ். அதற்குள் வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. கீபோர்டைத் துணி போட்டு மூடினார்கள். அத்தை சண்டை பிடிக்கவில்லை. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் போய் நின்றுகொண்டாள். "பென் டிரைவு நல்ல பிள்ள. அதுக்கு மூச்சே வாங்காது. நமக்கு மூச்சு வாங்கினாலும் நிக்காது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்கு டிராக்கை அழுத்தியதும் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாகர்கோவில் செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில்..." தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்கள். சபை முழுவதும் மெர்வினைத் திரும்பிப் பார்த்தது. அத்தை மட்டும் திரும்பவில்லை. முன்வரிசையில் அவள் தோள் இரண்டும் குலுங்கியது பின்னாலிருந்து தெரிந்தது. அந்தக் குலுக்கலுக்காகத்தான் செய்தான் என்பதை அவனை அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டான்.

ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அத்தை சொன்னாள்: "அண்ணே, மே மாசம் லீவு போட்டு வண்டிய எடுத்துட்டு ஷில்லாங் போறேன்."

"அது எங்கட்டி இருக்கு? கேரளாவா?"

"மேகாலயா. அங்கன உள்ள சபைகள்ல நாப்பது பேரு, நாலு குரல்ல பாடுவாவளாம். மைக்கு கெடையாது, டிராக்கு கெடையாது. அத நேர்ல நின்னு கேக்கணும். போற வழியிலயும் ஆளு இருந்து பாடுத பாட்டு எங்கன கேட்டாலும் நிப்பேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? யூடியூப்ல பாத்தா ஆவாதா?"

"யூடியூப்ல பிரியாணியுந்தான் காட்டுதான். வயிறு நெறையுதா?"

மெர்வினுக்குச் சோறு இறங்கவில்லை. வழி தெரியாத அத்தை எப்படிப் போவாள் என்ற கவலையினால் இல்லை. அந்த வண்டி அவனுடையது. அதாவது, ஜூனில் அவனுக்குப் பதினெட்டு ஆனதும் அவனுக்கு என்று அத்தையே வாயால் சொன்னது. அதைத் துடைத்தது அவன். செயினுக்கு எண்ணெய் போட்டது அவன். சோக் இறுகிக்கொண்டு வண்டி கிளம்பாதபோதெல்லாம், சீட்டுக்குக் கீழே வலது பக்கம் ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு உதை என்று அதற்கு வைத்தியம் கண்டுபிடித்ததும் அவன்தான். அந்த வண்டியில் அவன் மனசுக்குள் ஏற்கெனவே மூன்று தடவை காஷ்மீர் போய்வந்தாயிற்று. இப்போது அவன் வண்டியில், அவன் போகவேண்டிய ரோட்டில், அத்தை போகப்போகிறாளாம்.

"நீங்க மதுரை தாண்ட மாட்டிய அத்த" என்றான்.

"தாண்டினா?"

"ஷில்லாங் போயிச் சேர மாட்டியன்னு சொல்லுதேன்."

அத்தை கையை நக்கிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "சரிலே. போயிச் சேராமத் திரும்பினேன்னா வந்த அன்னைக்கே சாவி உனக்கு. சேந்துட்டேன்னா நீ அங்கி போட்டு கொயர்ல நிக்கணும். டெனர்ல."

பாக்கியசீலன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். ஏனென்றால் மெர்வின் பாடுவதில்லை. பதினான்கு வயதுவரை கொயரில் அவன்தான் தலைக்குரல். ஒரு கிறிஸ்மஸ் ஆராதனையில் தனிப்பாட்டின் நடுவில், எண்ணெய் போடாத கதவு மாதிரிக் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு வாயை மூடினவன்தான். அதற்குப் பிறகுதான் கோளாறெல்லாம் ஆரம்பித்தது. எவரும் தன்னைப் பார்த்துச் சிரிக்குமுன் தானே முந்திக்கொண்டு சிரிக்கவைத்துவிடுவான்.

"சரி" என்றான். மதுரை தாண்டமாட்டாள் என்ற நம்பிக்கைதான்.

டெனர் என்றால் அவன் அப்பா நிற்கிற வரிசை. அந்த வரிசைக்கு ஒரு கதை உண்டு. இந்தப் பக்கத்துச் சபைகளில் பாட்டை டோ, ரே, மீ, ஃபா என்று இங்கிலீஷ் எழுத்தில் குறித்துவைத்துத்தான் படிப்பார்கள். அதில் ஃபாவுக்கு f, ஏழாம் சுரமான டீக்கு t; ரெண்டும் கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்குக் கொக்கி மேலே, மற்றதுக்குக் கீழே. முப்பது வருஷத்துக்கு முன்னால் பாக்கியசீலன் டெனர்களுக்கு ஒரு பாட்டை நகலெடுத்தபோது மூன்றாம் அடியில் கொக்கியைக் கீழே போட்டுவிட்டார். ஃபா இருக்கவேண்டிய இடத்தில் டீ. அன்றிலிருந்து இந்தச் சபையின் டெனர்கள் அந்த இடம் வந்ததும், மாடிப்படியில் மூன்று படியைத் தாண்டிக் குதிக்கிறவன் மாதிரி ஒரு குதி குதிப்பார்கள். தப்பு என்று தெரிந்தபோது பழகிவிட்டது. திருத்திப் பாடினால் உப்புக் குறைகிற மாதிரி இருந்தது. 'அண்ணாச்சி டீ' என்று அதற்குப் பேரும் வைத்தாயிற்று. உலகத்தில் வேறெந்தச் சபையிலும் அந்த டீ கிடைக்காது.

மே மாதம் முதல் வாரம் அத்தை கிளம்பினாள். ஒரு தகரப்பெட்டி, மழைக்கோட்டு, பாட்டுக் கேட்க உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலி. குருவானவர் வண்டியின் தலையில் கை வைத்து ஜெபித்தார். வண்டி கிளம்பவில்லை. எல்லாரும் மெர்வினைப் பார்த்தார்கள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டு வந்து ரெண்டு தட்டு தட்டி, ஒரு உதை உதைத்தான். அது நன்றிகெட்ட கழுதை மாதிரி உடனே கிளம்பி அவளோடு போய்விட்டது.

கயத்தாறில் திரும்புவாள் என்று பார்த்தான். மதுரையில் திரும்புவாள் என்று பார்த்தான். விழுப்புரத்தில் வெயில் தாங்காமல் பஸ் ஏறிவிடுவாள் என்று முஆதிடம் அடித்துச் சொன்னான். அத்தை ஆந்திராவில் இருந்தாள்.

வீட்டுக் குரூப்பில் தினமும் ஒரு பாட்டு வந்து விழுந்தது. மாட்டுச் சந்தையில் கஞ்சிரா அடித்துக்கொண்டே விலை பேசுகிற ஒருத்தன். நெல்லூர்ப் பக்கம் நாற்று நடுகிற பெண்கள். ஒவ்வொன்றும் ரெண்டே நிமிஷம். அதற்கு மேல் அத்தை பதியமாட்டாள். "மிச்சத்த நான் கேக்கணும்லா" என்பாள். அந்த 'மிச்சம்' தான் மெர்வினைக் கொன்றது. பாட்டு நடுவில் அறுந்து நிற்கும். அங்கே அவள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கே இவன் யாரோ ஒருவருடைய போனில் தூசி துடைத்துக்கொண்டிருப்பான். ஒவ்வொன்றையும் காதில் மாட்டி ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டு, 'சவுண்டு சுமார்' என்று ஒரு வரி பதில் போடுவான். அம்மா அதையெல்லாம் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

"போயும் போயும் நாத்து நடுத பாட்டு" என்றான் முஆதிடம். "நம்ம ஏரல் ரோட்டுல கேக்காத பாட்டா?"

"கேட்டியா நீ?"

"இல்ல."

"பொறவு என்னலே?"

அத்தை முகநூலில் ஒரு குறிப்புப் போட்டிருந்தாள். வழியில் மைக் இல்லாமல் பாட்டுக் கேட்கிற இடம் தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்குச் சொல்லவும் என்று. மெர்வினுக்கு யோசனை அங்கேதான் பிறந்தது. கடையில் சும்மா கிடந்த ஒரு சிம்மைப் பழைய போனில் போட்டான். கூகிள் மேப்பைத் திறந்து, ஓங்கோல் தாண்டி, ரோட்டை விட்டு முப்பத்தெட்டு கிலோமீட்டர் உள்ளே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தான். மேலே இருந்து பார்த்தால் ஒரு புகைக்கூண்டும் அதன் நிழலும் மட்டும் தெரிந்தது. பிறகு தனக்குத் தெரிந்த உயர்ந்த தமிழில் எழுதினான்:

'வணக்கம். என் பெயர் ஆர். பலவேசம். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை மயிலாப்பூர். நான் சொல்லும் இடத்தில் மிகவும் உயர்தரமான சங்கீதம் கேட்கலாம். அங்கன எல்லாரும் நன்றாகப் பாடுவார்கள். வண்டியில் பையப் போங்கள்.'

முஆத் வாங்கிப் படித்தான். "மயிலாப்பூர்ல எவம்லே பலவேசம்னு பேர் வெக்கான்?"

"ஏன், வெக்கக் கூடாதா?"

"திருச்செந்தூர் ரோட்டுல கல்லெறிஞ்சா ஒரு பலவேசம் மேல விழும். மயிலாப்பூர்ல ஒருத்தன் இருந்தா நான் மீசைய எடுத்துடுதேன்."

"மொதல்ல மீசைய முளைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மெர்வின் அனுப்பினான்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. 'பலவேசம் சார், நீங்க சொன்ன இடத்துல ஒரு செங்கல் சூளைதான் இருந்துச்சு.' மெர்வின் ஸ்டூலிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வரி வருவதற்குள் முஆதின் கையைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினான். அடுத்த வரி வந்தது. 'ஆனா சூளையில வேல பாக்குத பொம்பளையள் கல்லக் கைமாத்திக் கைமாத்திப் பாடுனாவ. ஒரு கை மாறும்போது ஒரு வார்த்தை. இப்படி ஒண்ணு நான் வாழ்க்கையில கேட்டதில்ல. ரொம்ப நன்றி சார்.' கூடவே ரெண்டு நிமிஷப் பாட்டு.

மெர்வின் கேட்டான். கல் விழுகிற சத்தம்தான் தாளம். அவர்களுக்கு மூச்சு வாங்கியது, வாங்கியபோது எல்லாரும் சேர்ந்து நின்றார்கள், பிறகு சேர்ந்தே தொடங்கினார்கள்.

"சவத்து மூதி" என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒரிசாவில் இன்னொன்று முயன்றான். எக்ஸ்பிரஸ்களுக்காக அடிக்கடி மூடுகிற ஒரு ரயில்வே கேட்டைக் கண்டுபிடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கச்சேரி என்றான். வெயிலில் வேர்த்து ஊற்ற நிற்கட்டும் என்று. நின்றாள். கேட் மூடியது. அவளுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. கல்யாணத்துக்குப் போகிற பேண்டு செட்டு. நேரமாகிவிடும் என்ற எரிச்சலில் ஒருத்தன் இறங்கி டிரம்பெட்டை எடுத்தான். அவனைப் பார்த்து மற்ற பதினொரு பேரும் இறங்கினார்கள். ரயில் போகிறபோது அதன் சத்தத்தை முந்தி வாசித்தார்களாம். 'ரயில் தோத்துட்டு சார். நீங்க ரயில்வே, கோவப்படாதீங்க' என்று எழுதியிருந்தாள்.

"நான் பொய் சொன்ன எடத்துல எல்லாம் பாட்டு முளைக்குதே வே" என்றான் மெர்வின். அழுகை வருகிற அளவுக்குப் பொறாமை. இத்தனை வருஷம் இந்த ஊரில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறான், அவனுக்கென்று ஒரு பீப்பி கூட ஊதினதில்லை. ஆனாலும் அந்த டிரம்பெட்டைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டான். யாராவது கேட்டால் நெட்டில் எடுத்தது என்பான்.

வங்காளத்துக்குள் நுழைந்த பிறகு ரெண்டு நாள் அத்தையிடமிருந்து ஒன்றும் இல்லை. டிவியில் அந்தப் பக்கம் புயல்மழை என்று காட்டினார்கள், ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. டீக்கடையில் அப்பா புலியைப் பற்றி மூச்சுவிடவில்லை. டீ கூடக் கேட்கவில்லை. மெர்வின் குரூப்பைத் திறந்து திறந்து பார்த்தான். தன் பேரில் விசாரிக்க வாய் வரவில்லை. பலவேசம் பேரில் எழுதினான்:

'மழையில் பையப் போங்கள். பின் பிரேக் ஈரத்தில் பிடிக்காது. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆற்று ஓரமாகத் தங்க வேண்டாம்.'

"அத்த வண்டி பின் பிரேக்கு ரயில்வே அதிகாரிக்கு எப்படிலே தெரியும்?" என்றான் முஆத்.

"எல்லா வண்டிக்கும் அப்படித்தான். வேலையப் பாரு."

மறுநாள் பதினோரு மணிக்கு, அவள் படித்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதிலும் வந்தது. நீளமாக.

'பலவேசம் சார், சிலிகுரியில இருக்கேன். வண்டி நின்னுட்டு. என்ன மிதிச்சாலும் கிளம்ப மாட்டேங்கு. மழ விட்டபாடில்ல. எனக்கும் உடம்பு அசந்துட்டு. ரயில்ல வண்டிய ஏத்திட்டு ஊருக்கே திரும்பிடலாமான்னு பாக்கேன். நீங்க ரயில்வே ஆளு, வயசுல பெரியவாள். திரும்பிடவா, போவவா? நீங்க என்ன சொல்லுதீங்களோ அப்படியே செய்யுதேன்.'

முஆத் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தான். "முடிஞ்சுது வே. திரும்பிருங்கன்னு ஒரே வார்த்த. சாவி உன் கையில. அங்கியும் கெடையாது, டெனரும் கெடையாது."

மெர்வின் எழுதினான்: 'திரும்பி விடுங்கள்.' அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றான். சாவி தெரிந்தது. அதில் தொங்குகிற சிவப்பு நூல் தெரிந்தது. வண்டியில் தன் பின்னால் தகரப்பெட்டி தெரிந்தது. கூடவே, ஒரு மழையில், தெரியாத ஊரில், ஒன்பதாம் நம்பர் செருப்போடு, கிளம்பாத வண்டியை உதைத்து உதைத்து ஒரு நெட்டைப் பெண் நிற்பதும் தெரிந்தது. அந்த நாற்பது பேர் அங்கே இன்னும் பாடிக்கொண்டிருப்பார்கள். அவள் கேட்காமல் வருவாள். வந்து ஆல்டோ வரிசையில் நின்று, பென் டிரைவுக்குப் பாடுவாள்.

"அண்ணே, என் போன் ஆச்சா?" என்று வாசலில் ஒரு ஆள் கேட்டான்.

மெர்வின் எழுதினதை அழித்தான். 'சீட்டுக்குக் கீழே வலது பக்கம் ரெண்டு தட்டு. அப்புறம் ஒரு உதை. சோக்கைத் தொட வேண்டாம். இவ்வளவு தூரம் போய்விட்டு ரயில் என்ன ரயில்.' அனுப்பிவிட்டான். அன்றைக்கு அந்த ஆளின் போனில் மெர்வின் ஒட்டிய கண்ணாடியில் நடுவாகப் பெரிய குமிழி விழுந்தது.

கால் மணி நேரத்தில், 'கிளம்பிட்டு சார்' என்று வந்தது.

எரிச்சல் அதனால் அடங்கிவிட்டதா என்றால் இல்லை. கூடிவிட்டது. தன் கையாலேயே தன் வண்டியை ஷில்லாங்குக்கு அனுப்பிவைத்த மடையன் திருநெல்வேலி ஜில்லாவில் வேறு யார்? நாலாம் நாள் போட்டோ வந்தது. பச்சை மலை, மேகம், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தை, கழுத்துவரை சேறு பூசிய எக்ஸெல். அம்மா அழுதாள். டீக்கடையில் புலி திரும்பி வந்தது, இந்தத் தடவை ரெண்டு குட்டிகளோடு. மெர்வின் போட்டோவைப் பார்க்கமாட்டேன் என்றான். பிறகு கடையின் பின்னால் போய் அதைப் பெரிதாக்கி, வண்டியின் செயின் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்தான். மலையையும் கொஞ்சம் பார்த்தான்.

ஞாயிற்றுக்கு முந்தின நாள் மத்தியானம் பழைய போன் சிணுங்கியது.

'பலவேசம் சார், ஷில்லாங் பக்கத்துல ஒரு கிராமத்து ஆலயத்துல இருக்கேன். இவங்களும் நம்மள மாதிரியே டோ ரே மீ எழுதித்தான் படிக்காங்க. எங்க ஊருல பாடுத பாட்டு ஒண்ணு இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ராகம் அதே, பாஷைதான் வேற. என்னையும் கூட நின்னு பாடச் சொல்லுதாங்க. ஆனா டெனர் மூணாம் அடி எங்க சபையில எப்படிப் போவும்னு மறந்துபோச்சு. அண்ணன் போன எடுக்கல. உங்களுக்குத் தெரியாத சங்கீதமா? பாட்டு பேரு கீழ போட்டிருக்கேன். கொஞ்சம் முனகி அனுப்புதீங்களா? நாப்பது பேரு காத்துட்டு நிக்காங்க.'

நாற்பது பேர். மைக் இல்லை. அந்த மலை. மெர்வின் அதை இன்னொரு தடவை படித்தான். அவள் நிற்கிற இடத்தில், அந்த நாற்பது பேருக்கு நடுவில், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நிற்பதற்கு அவன் அந்த வண்டியையே கொடுத்துவிடுவான். பலவேசத்துக்கும் சபைப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவே இல்லை.

"முஆதே, கடையப் பாத்துக்கோ" என்று பின்பக்கம் போனான். அட்டைப்பெட்டிகள் அடுக்கின சந்து. குரல் தெரியாமலிருக்கக் கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் பொத்திக்கொண்டான். மூன்று வருஷம் ஆயிற்று. முதல் அடி காற்றாகத்தான் வந்தது. ரெண்டாம் அடியில் குரல் வந்தது. கிறீச்சிடவில்லை. உடைந்துபோன இடத்தில் வேறொரு குரல், தடித்து, இவனுக்குச் சொல்லாமலே குடிவந்திருந்தது. மூன்றாம் அடிக்கு, குளியலறையில் அப்பா பாடிக் கேட்ட அதே வழியில், யோசிக்காமல், படி ஏறினான். அனுப்பினான். அனுப்பிவிட்டு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய போன் பேசவில்லை. டிரம்பெட் ஒலித்தது.

அது அவன் சொந்தப் போன். அத்தை அனுப்பியது. ரெண்டு நிமிஷம் இல்லை, நாலரை நிமிஷம்.

கைக்குட்டை கையில் இருக்க, சந்திலேயே நின்று கேட்டான். நாற்பது பேர். முதலில் பெண்கள், பிறகு அடியில் ஆண்களின் கனத்த பாஸ் குரல்கள், தரையே பாடுகிற மாதிரி. தெரியாத பாஷை, தெரிந்த பாட்டு. மூச்சு வாங்கினார்கள், அது கேட்டது. மூன்றாம் அடி வந்தது. பத்து டெனர்கள், மேகாலயாவில், ஃபாவைத் தாண்டி, டீக்குக் குதித்தார்கள்.

அப்புறம் அங்கே ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அத்தை குரல்.

"ஏலே மெர்வினு. அந்த எடத்துல டீ குடிக்கவன் உலகத்துல நம்ம சபையில மட்டுந்தாம்லே உண்டு. மயிலாப்பூர்ல கெடையாது. மொத நாளு 'பையப் போங்கள்'னு வந்தப்பவே இது எந்த ஊரு மயிலாப்பூர்னு தெரிஞ்சுட்டு. சரி, பய எங்கதான் அனுப்புதான்னு பாப்போம்னுதான் அந்தச் சூளைக்குப் போனேன்."

யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். அவள் இருங்க என்றாள்.

"சிலிகுரியில வண்டி நிக்கவே இல்ல. நாந்தான் நிறுத்தினேன். நீ திரும்பச் சொல்லுவியான்னு பாக்க." அவளுக்கும் சிரிப்பு வந்தது. "பஸ் ஸ்டாண்டு அறிவிப்பும் நல்லாத்தான் இருந்துச்சு, அத அப்பச் சொல்ல முடியல. சரி, அத விடு. இப்ப நான் வீடியோ கால் போடப் போறேன். நீ முனகினதக் கேட்டுப் படிச்ச பத்து டெனரும் உன்னப் பாக்கணும்ங்காங்க. அந்தக் கைக்குட்டைய வாயிலேருந்து எடுத்துட்டு, முதல் அடியிலேருந்து பாடுலே."